சுவரைத் தொடுவதற்கு முன் ஒரு மழையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் கிராமத்து ஆலயம் கட்டி நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. கல் அஸ்திவாரம், சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், மரச்சட்டத்தின் மேல் ஓடு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் உள்ளேயும் வெளியேயும் இடுப்பளவு உயரத்துக்குச் சிமெண்ட் பூசினோம். இப்போது பூச்சுக்கு மேலே ஈரம் ஏறி, பெயின்ட் உரிந்து, சுவர் பொரிந்து கொட்டுகிறது. மேற்கு மூலையில் ஒரு விரிசலும் இருக்கிறது. சபையார் சிலர், இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்கிறார்கள். இளைஞர்கள், சுவரில் டைல்ஸ் ஒட்டி, ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஏசி வைக்கலாம் என்கிறார்கள். கையில் இருக்கும் பணம் ஏதாவது ஒரு வேலைக்குத்தான் போதும். எதை முதலில் செய்வது?
– ஆலயக் கமிட்டிச் செயலாளர்

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

கடிதமும் நீங்கள் அனுப்பிய படங்களும் கிடைத்தன. நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆலயத்தை இடிக்க வேண்டாம். சுவரில் டைல்ஸும் ஒட்ட வேண்டாம். கையில் இருக்கும் பணத்தைக் கூரைத் தண்ணீரைச் சுவரிலிருந்து விலக்குவதற்குச் செலவிடுங்கள். அடுத்தது அந்தச் சிமெண்ட் பூச்சை எடுப்பது. மற்றதெல்லாம் அப்புறம்.

கமிட்டியில் இதைச் சொன்னால் முகம் வாடும் என்று எனக்குத் தெரியும். கூரை ஓரத்துத் தகரக் கால்வாய்க்கும் வடிகாலுக்கும் செலவழித்தால் ஆராதனைக்கு வருகிறவர்கள் கண்ணில் எதுவும் படாது. காணிக்கை கொடுத்தவர்கள் "பணம் எங்கே போயிற்று?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல உங்களுக்கு ஒரு பதில் வேண்டும் என்பதால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், சுவருக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-ல். அது கிராமங்கள் வரைக்கும் வந்து சேர வெகுகாலம் ஆனது. அதுவரை கொத்தனார்கள் கையில் பெரும்பாலும் இருந்தது சுண்ணாம்புதான். சுண்ணாம்புச் சுவர் தண்ணீரை முழுக்கத் தடுத்து நிறுத்துவதில்லை. மழையில் கொஞ்சம் குடிக்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். தரையிலிருந்து ஏறுகிற ஓதமும் அப்படித்தான், சுவரின் முகம் முழுவதும் ஆவியாகிப் போய்விடும். ஈரம் வரும், போகும். நூறு வருடம் உங்கள் சுவர் நின்றது அந்த வரவும் போக்கும் சரியாக இருந்ததால்தான்.

சிமெண்ட் பூச்சு வந்து போக்கை அடைத்துவிட்டது. வரவு மட்டும் நிற்கவில்லை. வெளியே போக வழி தெரியாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறி, பூச்சு எங்கே முடிகிறதோ அதற்கு மேலே வெளியேறுகிறது. படத்தில் பாருங்கள், சிமெண்டின் மேல் விளிம்பை ஒட்டியே வரிசையாகப் பொரிந்திருக்கிறது. மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கிற உப்பையும் அந்தத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு செங்கல்லின் நுண்துளைகளுக்குள்ளேயே படிகமாகிறது. படிகத்துக்கு இடம் வேண்டும், அது செங்கல்லை உள்ளிருந்து பிளக்கிறது. அடுத்த மழையில் மறுபடி கரைந்து, மறுபடி படிகமாகிறது. நீங்கள் பெருக்கி அள்ளுகிற அந்தச் செம்பொடி எல்லாம் உங்கள் சுவர்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிறிய சிற்றாலயத்தில் செங்கல் இடைவெளிகளைச் சிமெண்ட் கலவையால் நிரப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நானே. வேலை முடிந்த அன்று பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆறேழு வருடம் கழித்துப் போனேன். சிமெண்ட் கோடுகள் தேன்கூட்டின் சட்டம் மாதிரி முழுசாக நிற்கின்றன, அவற்றுக்கு நடுவில் இருந்த செங்கற்கள் விரல் நுழையும் ஆழத்துக்கு உள்வாங்கிவிட்டன. கலவை செங்கல்லைவிடக் கடினமாக இருந்தால் செங்கல்தான் சாகும் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. பழைய சுவரில் எப்போதும் கலவைதான் மெலிந்ததாக இருக்க வேண்டும். கலவை தேய்ந்தால் மறுபடி பூசலாம். அந்தச் செங்கல்லுக்கு எங்கே போவது?

டைல்ஸ் ஏன் வேண்டாம் என்பது இப்போது விளங்கியிருக்கும். அது சிமெண்டைவிட இறுக்கமான மூடி. இரண்டு மூன்று வருடம் பளபளப்பாக இருக்கும், ஈரம் அதற்கும் மேலே ஏறி ஜன்னல் அடிக்கட்டையைத் தொடும். தண்ணீர் புகாது என்று விற்கிற பெயின்ட்களும் இதே கதைதான்.

சரி, வேலைக்கு வருவோம். அடுத்த பலத்த மழையின்போது நீங்களும் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையும் ஆளுக்கொரு குடையோடு ஆலயத்தைச் சுற்றி நடங்கள். அரை மணி நேரம் போதும். கூரை ஓரக் கால்வாய் எங்கே வழிகிறது, எந்தக் குழாய் இணைப்பில் பிரிந்திருக்கிறது, கூரையிலிருந்து விழுகிற தண்ணீர் எங்கே போய்த் தேங்குகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு சுற்று வாருங்கள். வெயில் நாளில் எவ்வளவு பெரிய நிபுணரை அழைத்து வந்தாலும் இந்த அரை மணி நேரம் சொல்வதை அவரால் சொல்ல முடியாது. பழைய கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது மழை நாளாகப் பார்த்துப் போவது என் வழக்கம்.

எவ்வளவு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆலயம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் மழை பெய்த ஒரு நாளில் அந்தக் கூரையிலிருந்து 10,000 லிட்டர் இறங்கும். ஒரு தண்ணீர் லாரி நிறைய. அதில் பாதி சுவர் ஓரத்திலேயே விழுந்து அஸ்திவாரத்தில் இறங்கினால், உள்ளே எத்தனை தடவை பெயின்ட் அடித்து என்ன பயன்?

ஆகவே கால்வாயில் சருகை அள்ளுங்கள், முளைத்திருக்கிற செடியை வேரோடு எடுங்கள். செடியை இழுக்கும்போது வேர் சுவருக்குள் போயிருந்தால் பிய்க்காதீர்கள், கல்லையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். வெட்டிவிட்டு, அடிக்கட்டையை மெதுவாகக் காயவிட்டு எடுக்க வேண்டும். குழாயின் அடிப்பகுதி சுவரைவிட்டு விலகி, தண்ணீரைக் குறைந்தது இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். உடைந்த ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் அதே சாரத்தில் நின்று மாற்றிவிடுங்கள். சாரம் கட்டுகிற செலவே பெரிது, இரண்டு தடவை கட்டாதீர்கள்.

அடுத்து வெளித்தரை. பழைய ஆலயங்களில் இது எல்லோரும் கவனிக்காமல் விடுகிற இடம். வருடக்கணக்கில் மண் சேர்ந்து, நடைபாதை போட்டு, அதன் மேல் இன்னொரு கான்கிரீட் போட்டு, வெளித்தரை மெல்ல உயர்ந்துவிடும். உங்கள் மூன்றாவது படத்தில் வடக்குப் பக்கத்து வாசற்படி ஒன்று மண்ணுக்குள் போயிருக்கிறது. கட்டியவர்கள் படியைப் புதைத்து வைத்திருக்க மாட்டார்கள் அல்லவா? வெளித்தரை உள்தரையைவிட ஒரு சாண் அளவாவது தாழ்வாக இருக்க வேண்டும். சுவரை ஒட்டிப் போட்டிருக்கிற கான்கிரீட் பட்டையை உடைத்தெடுத்து, சரளைக்கல் நிரப்பி, சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவு கொடுங்கள். ஆழமாகத் தோண்ட வேண்டாம். பழைய அஸ்திவாரங்கள் நாம் நினைப்பதைவிட மேலாகவே முடிந்துவிடும், பக்கத்தில் பள்ளம் வெட்டினால் சுவர் இறங்கும். பழைய கல்லறைகள் அந்தப் பக்கம் இருந்தால் கடப்பாரையை இறக்குவதற்கு முன் குருவானவரிடமும் அந்தக் குடும்பங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் போகட்டும். எத்தனையோ சுவர்களில் ஈரத்தில் பெரும்பகுதி இதிலேயே குறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம்தான் சிமெண்ட். முதலில் விரல் மடக்கால் சுவரைத் தட்டிக்கொண்டே நடங்கள். பிடிப்போடு இருக்கும் இடம் 'டக்' என்று கனமாகக் கேட்கும், விட்டுப்போன இடம் காலிப் பானையைத் தட்டின மாதிரி கேட்கும். அந்தக் காலிச் சத்தம் கேட்கிற இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். கையால் உளியும் சுத்தியலும்தான், மின்சார உடைப்பு இயந்திரம் வேண்டாம். ஒரு பலகை அளவு சிமெண்ட் பெயர்ந்து விழும்போது பின்னால் பாருங்கள்: அதன் முதுகில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், சுவரில் செங்கல் முகம் மாவாகச் சரியும். பன்னிரண்டு வருடமாக அங்கே என்ன நடந்தது என்பது சபையார் எல்லோருக்கும் அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடும். முடிந்தால் அன்றைக்கு அவர்களை வரச்சொல்லுங்கள். சிமெண்ட் இறுக்கமாகப் பிடித்திருந்து, எடுத்தால் செங்கல்லும் கூடவே வரும் என்கிற இடத்தில் அப்படியே விட்டுவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

வெளியே பூக்கிற உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, அள்ளி, தூரக் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும். பிறகு சுவரைக் காய விடுங்கள். 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு. கனமான சுவர் முழுசாகக் காய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை சுவர் அலங்கோலமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்காருகிறவர்களுக்கு இது கஷ்டம், ஆனால் இங்கே அவசரப்பட்டவர்கள் எல்லோரும் இரண்டாம் தடவை செலவு செய்திருக்கிறார்கள்.

திரும்பப் பூச வேண்டியது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி சூட்டில் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு போய்விடும். 100 கிலோ கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகிறது. அதைத் தண்ணீரில் நீற்றி, மணலோடு கலந்து சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. சுற்றி வளைத்துப் பார்த்தால் நீங்கள் சுவரில் பூசுவது கல்லைத்தான். இந்த மாற்றம் மெதுவாக நடப்பது, அதற்கு ஈரமும் காற்றும் வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் கல்லாகாமல் வெறும் பொடியாக நின்றுவிடும். அதனால் பூசிய பிறகு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நிழலில் பதமாக வைத்திருக்க வேண்டும்.

சுண்ணாம்பை வெண்ணெய் பதத்தில் நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி, குறைந்தது மூன்று மாதம் வையுங்கள். அதாவது பூச்சு வேலை அடுத்த வருடம் என்றாலும் சுண்ணாம்பை முன்கூட்டியே ஊறப்போட வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் பொதுவான அளவு. மணல் உப்பில்லாமல், ஒரே மாதிரி நைசாக இல்லாமல், சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்க வேண்டும். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒன்று இறுகிய பிறகுதான் அடுத்தது. மேலே பெயின்ட் கிடையாது, சுண்ணாம்பு வெள்ளைதான். கொத்தனார் "சீக்கிரம் இறுகக் கொஞ்சம் சிமெண்ட் சேர்க்கட்டுமா?" என்று கேட்பார். கேட்காமலேயே சேர்ப்பவர்களும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

நீற்றுகிற அன்று ஜாக்கிரதை. சுட்ட சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். இளைஞர்கள் உற்சாகமாக வந்து நிற்பார்கள், குழந்தைகளும் வேடிக்கை பார்க்க வருவார்கள், அதனால் சொல்கிறேன்.

மேற்கு மூலை விரிசலைப் பற்றி இப்போதே எதுவும் முடிவு செய்ய வேண்டாம். அதைச் சிமெண்டால் அடைக்கவும் வேண்டாம். விரிசலுக்கு இரண்டு பக்கமும் கூரான பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து, பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடங்களில். மாதம் ஒரு தடவை அளந்து எழுதிக்கொண்டே வாருங்கள். மழைக்காலத்தில் விரிந்து வெயிலில் மூடுகிறதா, விரிந்துகொண்டே போகிறதா, அசையாமல் நிற்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அசையாத விரிசல் பழைய தழும்பு, சுண்ணாம்பு வைத்து மூடினால் போதும். விரிந்துகொண்டே போனாலோ, இப்போதே ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பழைய கட்டடங்களில் பழக்கமுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள். உடைந்த மழைநீர்க் குழாய் ஒன்று அதே மூலையில் இருப்பதைப் படத்தில் கவனித்தேன். அங்கே மண் ஊறி இளகியிருக்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். கூரைச் சட்டங்கள் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளாமல் குறுக்கே ஓர் உத்திரம் இழுத்துப் பிடித்திருக்கும். மின்விசிறிக்கு இடைஞ்சல், பார்க்க நன்றாக இல்லை என்று அதை யாராவது எப்போதாவது வெட்டியிருக்கிறார்களா? அப்படியிருந்தால் அளவு எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம், இன்ஜினியரை உடனே கூப்பிடுங்கள்.

கூரை மரத்தில் முதலில் பார்க்க வேண்டியது சட்டங்கள் சுவருக்குள் நுழைகிற முனைகள். ஈரச் சுவருக்குள் இருக்கிற முனைதான் முதலில் உளுத்துப்போகும். ஒரு குத்தூசியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஏற்காது, கெட்டது ரொட்டி மாதிரி உள்ளே விடும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உளுப்புக் காளான் பிடிக்காது. ஆகவே கூரை ஒழுகாமல் இருப்பதுதான் முதல் மருந்து. முனை மட்டும் கெட்டிருந்தால் முழுச் சட்டத்தையும் தூக்கி எறியாதீர்கள், நல்ல தச்சர் கெட்ட துண்டை மட்டும் வெட்டிப் புது மரத்தை இணைத்துவிடுவார்.

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஒழுகலும் கரையானும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தெரியவரும்போது சட்டம் கையோடு வரும். ஏசியும் வேண்டாம். நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து மூச்சுவிட்டுப் பாடுகிற இடத்தில் சுவரைக் குளிரவைத்தால் காற்றில் இருக்கிற ஈரம் அந்தச் சுவரிலேயே வியர்க்கும். மேல் ஜன்னல்கள் பெயின்ட் அடித்து இறுகிப்போய்த் திறக்காமல் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அவற்றைத் திறக்கவைத்தாலே சூட்டில் ஒரு பகுதி போய்விடும்.

இளைஞர்களுடைய ஆசையை நான் தள்ளிவிடவில்லை. அவர்கள் வந்து உட்காராத ஆலயத்தைக் காப்பாற்றி வைத்து யாருக்கு? நல்ல விளக்கு, தெளிவாகக் கேட்கிற ஒலி அமைப்பு, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குச் சரிவுப் பாதை, சுவரை ஒட்டாமல் தனியாக ஒரு கழிப்பறை, இவையெல்லாம் அவசியமான மாற்றங்கள்தான். சரிவுப் பாதை 12 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் உயரக்கூடாது. பழைய படியை உடைக்காமல் அதன் மேலேயோ பக்கத்திலேயோ, பின்னால் எடுக்க முடிகிற மாதிரி அமையுங்கள். ஸ்பீக்கர் மாட்ட ஓட்டை போட வேண்டுமென்றால் கல்லிலோ செங்கல்லிலோ போடாமல் இடையிலிருக்கிற காரையில் போடுங்கள். நாளைக்குக் கழற்றினால் காரை வைத்து மூடிவிடலாம்.

ஒயரிங்கை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பழைய ஒயர் காய்ந்த கூரை மரத்தின் மேல் ஓடுகிறது. 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ர-தாம் பேராலயத்தின் கூரை பற்றி எரிந்தபோது அங்கே பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மரக்கூரையும் அதன் மேலிருந்த ஊசிக் கோபுரமும் போயின, கல் வளைவுகள் பெரும்பாலும் நின்றன. மறுபடி திறக்க 2024 டிசம்பர் ஆனது. பழைய கட்டடத்துக்கு மிக ஆபத்தான காலம் அதைப் பழுதுபார்க்கிற காலம்தான். கூரைக்குப் பக்கத்தில் வெல்டிங், தீ வைத்துப் பெயின்ட் எடுப்பது எதுவும் கூடாது. ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்ததும் ஒருவர் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து புகை வாசனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்ட வேண்டும். மணிக்கூண்டில் இடிதாங்கி இருந்தால் அதன் எர்த் இணைப்பையும் மின்பணியாளரை அழைத்துச் சோதியுங்கள்.

இடிக்கலாம் என்கிற பெரியவர்களிடம் கோபப்படாதீர்கள். பல வருடமாக ஒழுகலுக்கும் ஈரத்துக்கும் பணம் இறைத்து அலுத்துப்போனவர்கள் அவர்கள். 1877-ல் இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் பழங்காலக் கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். அன்றைக்கு அங்கே பழைய ஆலயங்களைப் 'புதுப்பிக்கிறோம்' என்று சொல்லிப் பழைய பூச்சைச் சுரண்டி, இல்லாததையெல்லாம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டதெல்லாம் ஒழுகுகிற கூரையைச் சரிசெய்யுங்கள், சரிகிற சுவருக்கு முட்டுக் கொடுங்கள், தினமும் கவனியுங்கள் என்பதுதான். அந்தப் பெரியவர்களில் ஒருவரையே மழை நாள் சுற்றுக்கு அழைத்துப் போங்கள். எந்தக் குழாய் எந்த வருடம் போட்டது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த வருடம் என்ன பூசியது, எந்த ஓடு மாற்றியது, இனிமேல் செய்கிற ஒவ்வொரு வேலையும் படத்தோடு அதில் ஏறட்டும். அந்த நோட்டு ஆலயப் பதிவேடுகளோடேயே பூட்டி இருக்கட்டும்.

கால்வாய் சுத்தம் செய்வதை வருடத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்பும் இலை உதிர்ந்த பின்பும், யார் செய்வது என்று இந்த மாதக் கமிட்டியிலேயே ஒரு பெயரைக் குறித்துவிடுங்கள். பொதுவாக "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதினால் யாரும் ஏணி வைக்க மாட்டார்கள். விரிசலின் மூன்று புள்ளிகளையும் இந்த வாரமே குறித்து, மூன்று மாத அளவுகளை எனக்கு எழுதுங்கள். மழையில் நீங்கள் வரைந்த அந்தத் தாளின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அதை வைத்துச் சிமெண்டை எந்தச் சுவரில் முதலில் எடுப்பது என்று சொல்கிறேன்.